அணைத்தல் என்னும் ஆசாரம்

வங்கிகளின் வரவு செலவையும், ரயில் பிரயாணிகளின் முன்பதிவையும், மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளையும் தாங்கி இரவு பகல் என்ற பேதமின்றி உழைத்துக்கொண்டிருக்கும் சர்வர் கணிப்பொறிகளின் கூடத்துக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு வியப்பளிக்கும் விஷயங்கள் பல உண்டு; அவற்றுள் மிகவும் விசித்திரமானது, அந்த யந்திரங்களை அணைப்பதற்கென்று அங்கே நிலவிவரும் ஆசாரமேயாகும். ஒரு சர்வரை நிறுத்த வேண்டுமென்றால், அதற்குப் பல நாள் முன்னதாகவே விண்ணப்பம் எழுதிச் சமர்ப்பித்து, மேலதிகாரிகளின் ஒப்புதலைப் பெற்று, ஜனங்களின் உபயோகம் குறைந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னிரவு போன்றதொரு வேளையைக் குறித்து, சம்பந்தப்பட்டவர்கள் அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பி, எது முதலில் நிற்க வேண்டும் எது கடைசியில் நிற்க வேண்டும் என்று எழுதிவைத்த வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக இறக்கி, வேலை முடிந்த பின் அதே வரிசையைத் தலைகீழாகக் கடைப்பிடித்து ஏற்றுகிறார்கள். விரலால் ஒரு முறை அழுத்தினாலே போதும் என்று பொத்தான் ஒன்று யந்திரத்தின் முகப்பிலேயே இருக்க, இத்தனை சடங்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

இந்தச் சடங்கின் ஒவ்வோர் அங்கத்துக்கும் பின்னால் ஏதோ ஒரு காலத்தில் யாரோ பட்ட நஷ்டம் இருக்கிறது. கணிப்பொறியின் எண்பதாண்டுச் சரித்திரத்தில் அணைப்பதைப் பற்றிய அச்சம் ஒரே இடத்தில் நிலைத்திருக்கவில்லை. முதலில் அது யந்திரத்தின் உடலைப் பற்றியதாயிருந்தது; பின்னர் அதன் ஞாபகத்தைப் பற்றியதாயிற்று; அதற்கும் பின்னர், அது பிறருக்குக் கொடுத்திருக்கும் வாக்கைப் பற்றியதாயிற்று. அச்சம் இடம் பெயர்ந்த வழியே நாமும் சென்றால், ஆசாரம் வளர்ந்த வரலாறு தானே விளங்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானிய ராணுவ மேலிடத்தின் சங்கேதச் செய்திகளை உடைப்பதற்கு வால்வுகளால் ஆன யந்திரமொன்றைக் கட்டலாம் என்று, தபால் இலாகாவின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாமி ஃபிளவர்ஸ் யோசனை கூறியபோது, அங்கிருந்த அறிஞர்களில் பலர் அதை நம்பவில்லை. ரேடியோப் பெட்டிகளில் வால்வு அடிக்கடி பழுதாவதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஒரு பெட்டியிலுள்ள சில வால்வுகளே இப்படித் தொல்லை கொடுக்குமானால், ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளைக் கொண்ட யந்திரம் ஒழுங்காக ஓடுமா என்பது அவர்களுடைய சந்தேகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வால்வுகளோடு பழகியிருந்த ஃபிளவர்ஸோ, வால்வை அழிப்பது ஓட்டம் அன்று, ஏற்றி இறக்குவதுதான் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். வால்வுக்குள் இருக்கும் இழை குளிர்ந்திருக்கையில் அதன் மின்தடை குறைவாதலால், ஸ்விட்சைப் போட்ட க்ஷணத்தில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் அதனூடே பாய்கிறது. இழையும் உலோகத் தகடுகளும் கண்ணாடிக் குமிழும் வெவ்வேறு விகிதத்தில் விரிகின்றன. அணைத்ததும் வெவ்வேறு விகிதத்தில் சுருங்குகின்றன. அந்த இழுபறியில்தான் இழை அறுகிறது, குமிழின் இணைப்பு விரிசல் விடுகிறது. ஏற்றியதை இறக்காமலே விட்டுவிட்டால் வால்வு நெடுங்காலம் உழைக்கும் என்று அவர் வாதாடினார். 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1,600 வால்வுகளுடன் கொலோசஸ் என்ற அந்த யந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி 2,400 வால்வுகளைக் கொண்ட அதன் இரண்டாம் வகையும் இயங்கியது. கூடியவரை அவற்றை அணைக்காமலே ஓட்டினார்கள். ஃபிளவர்ஸின் வாதம் மெய்யாயிற்று.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இதே பாடத்தைத் தனியாகப் படித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையின் மூர் கல்லூரியில் ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் உருவாக்கி, 1946 பிப்ரவரியில் உலகறிய வெளியிட்ட எனியாக் யந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது குடித்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோவாட். வால்வுகளை அவற்றின் சக்தி வரம்புக்கு வெகுவாகக் குறைத்தே இயக்க வேண்டும் என்பது எக்கர்ட் வகுத்த நியமம். அப்படியிருந்தும் பழுதுகளில் பெரும்பாலானவை யந்திரம் சூடேறும் வேளையிலும் குளிரும் வேளையிலுமே நேர்ந்தன. ஆகவே அதை எரியவிட்டே வைத்திருப்பது வழக்கமாயிற்று. அபர்டீன் ராணுவப் பரிசோதனைத் தளத்துக்கு இடம் மாற்றுவதற்காக 1946 நவம்பரில் நிறுத்தப்பட்ட அது, 1947 ஜூலை 29ஆம் தேதி மீண்டும் ஏற்றப்பட்டு, 1955 அக்டோபர் 2ஆம் தேதி இரவு 11.45 மணிக்கு இறுதியாக அணைக்கப்படும் வரையில் தொடர்ந்து உழைத்தது. எப்படி அணைப்பது என்ற கேள்விக்கு அக்காலத்தார் கண்ட விடை சுருக்கமானது: அணைக்காதே.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததும் உடலைப் பற்றிய இந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது; ஆனால் யந்திரம் பல அலமாரிகளாகப் பிரிந்து ஒரு கூடம் முழுவதும் பரவியபடியால், எந்த அலமாரிக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்ற புதிய பிரச்சினை எழுந்தது. 1964 ஏப்ரல் 7ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை யந்திரங்களில் இதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. ஏற்றும் பொத்தானை அழுத்தியதும் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறும். வெளிப்படையான கட்டளை பிறக்கும் வரையில் ஒரு நிரல் வரியும் ஓடாது, ஓர் உறுப்பும் அசையாது. அதே முகப்பில், அவசரகாலத்தில் வெளியே இழுப்பதற்கென்று ஒரு சிவப்புக் குமிழும் இருந்தது. அதை இழுத்தால் எல்லா மின்சாரமும் ஒரே அடியாக அறுந்துபோகும். இழுத்த குமிழ் வெளியே வந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அதை உள்ளே தள்ளி மீட்கும் அதிகாரம் பழுது பார்க்க வரும் ஊழியருக்கு மட்டுமே உண்டு. யந்திரத்தின் சொந்தக்காரரே ஆனாலும், பதறி இழுத்துவிட்டுப் பிறகு ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஏற்றிவிட முடியாது. திடீரென்று உயிர் போன யந்திரத்தைப் பரிசோதிக்காமல் எழுப்பக்கூடாது என்ற விதி, காகிதத்தில் எழுதப்படாமல் இரும்பிலேயே செதுக்கப்பட்டிருந்தது. அப்படியொரு குமிழ் தேவைதானா என்று ஐயுறுகிறவர்கள், 1959 ஜூலையில் பென்டகன் மாளிகையின் விமானப்படைக் கணிப்பொறிக் கூடத்தை எரித்த பெருந்தீயை நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து யந்திரங்களின் ஞாபகம் காந்தத்தால் ஆனது. மணியளவே உள்ள ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்து, ஒவ்வொரு வளையமும் எத்திசையில் காந்தமேறியிருக்கிறது என்பதைக் கொண்டு ஒன்றையும் சுழியையும் குறித்தார்கள். மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்கும். ஆதலால், நள்ளிரவில் அணைத்த யந்திரத்தைக் காலையில் ஏற்றினால், முன்தினம் அதில் இருந்தது அப்படியே இருக்கும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியின் ஞாபகமும் இவ்வகையானதே.

இந்த வசதியைக் கொண்டு டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தார் 1970இல் வெளியிட்ட பி.டி.பி.-11 யந்திரத்தில் செய்திருந்த ஏற்பாடு மிக அழகானது. 110 வோல்ட்டில் ஓடும் யந்திரத்துக்கு வரும் மின்னழுத்தம் 95 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மின்சாரம் போகப்போகிறது என்று மின்வழங்கி உடனே முன்னறிவிப்புக் கொடுக்கும். செய்துகொண்டிருந்த வேலை எதுவானாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு, யந்திரம் ஞாபகத்தின் 24ஆம் இடத்தில் குறித்துள்ள முகவரிக்குத் தாவும். மின்வழங்கியில் எஞ்சியிருக்கும் சக்தி வடிவதற்குள் கிடைப்பது 2 மில்லி செகண்டு அவகாசம். அதற்குள், மின்சாரத்தோடு மறைந்துபோகும் பதிவேடுகளில் இருக்கும் எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காந்த வளையங்களுக்கு மாற்றிவிட்டு, புறக்கருவிகளையும் எச்சரித்துவிட்டு, யந்திரம் தானே நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் மீண்டும் அதே 24ஆம் இடத்துக்கு வந்து, வைத்ததை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். மனிதக் கை எதுவும் படாமல் முறைப்படி அணைந்து முறைப்படி எழும் கலையை யந்திரம் கற்றுக்கொண்ட கட்டம் இது.

ஆனால் 1970இலேயே இன்டெல் நிறுவனம் 1103 என்ற சிலிக்கன் ஞாபகச் சில்லையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பிட்டும் ஓர் அணுப்பிரமாணமான மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டமே. அது கசிந்துகொண்டே இருப்பதால், 2 மில்லி செகண்டுக்கு ஒரு முறை படித்துப் படித்துப் புதுப்பித்தாக வேண்டும். விலையிலும் இடத்திலும் காந்த வளையங்கள் அதனுடன் போட்டியிட முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவை மறைந்தன. நினைவு மலிந்தது, மறதியும் உடன் வந்தது. அணைத்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் இழந்துவிடும் யந்திரங்களின் யுகம் இவ்வாறு தொடங்கியபோது, நிலைத்திருக்க வேண்டியவற்றுக்கெல்லாம் ஒரே புகலிடமாக மிஞ்சியது சுழலும் டிஸ்க்தான்.

டிஸ்க்கோ தனக்கென்று ஓர் அபாயத்தை வைத்திருந்தது. அதன் எழுதுமுனை, தகட்டைத் தொடாமல், தகடு சுழலும் வேகத்தில் எழும் காற்றுப் படலத்தின்மேல், மயிரிழையின் கனத்தைவிடப் பன்மடங்கு குறைந்த உயரத்தில் மிதந்து செல்வது. சுழற்சி தளர்ந்தால் காற்றுப் படலம் போய்விடும். முனை தகட்டில் இறங்கி, எழுதியதையெல்லாம் உழுதுவிடும். ஆகவே அக்காலப் பெரிய டிஸ்க்குகளில், மின்சாரம் திடீரென்று போனால் முனைகளை வெளியே இழுத்துக்கொள்வதற்கு வேண்டிய சக்தியை ஒரு மின்தேக்கியில் சேமித்துவைத்தார்கள். ஐ.பி.எம். 1973இல் கொண்டுவந்த வின்செஸ்டர் வகை டிஸ்க்கில் முனைகளை இலேசாக்கி, எண்ணெய்ப் பூச்சுள்ள தகட்டின்மேல் அவை தாமே இறங்கி அமரும்படி செய்தார்கள். பின்னர் வந்த சிறு கணிப்பொறிகளில், அணைப்பதற்கு முன் முனைகளைப் பத்திரமான ஓரத்தில் நிறுத்துவதற்குத் தனிக் கட்டளையே தர வேண்டியிருந்தது. தகடு சுழலும் எஞ்சிய வேகத்திலிருந்தே மின்சாரம் பெற்று, முனை தானே ஒதுங்கிக்கொள்ளும் வகை வந்த பிறகுதான் அந்தக் கவலை ஒழிந்தது.

இதுவரை சொன்ன அபாயங்களெல்லாம் கண்ணால் காணத்தக்கவை. யூனிக்ஸ் காலத்தில் தோன்றியதோ கண்ணுக்குத் தெரியாதது. நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் எழுதத் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம், டிஸ்க்கின் மந்தகதியை மறைப்பதற்காக ஓர் உபாயம் செய்தது. நிரல் ஏதேனும் எழுதச் சொன்னால், அதை ஞாபகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று உடனே பதில் சொல்லிவிடும். உண்மையில் டிஸ்க்கில் எழுதுவது பிற்பாடு, சௌகரியப்பட்டபோது. 30 விநாடிக்கு ஒரு முறை, தேங்கியிருப்பதையெல்லாம் எழுதித் தீர்க்கும்படி ஒரு சிறு நிரல் நினைவூட்டிக்கொண்டிருந்தது. வேகம் கிடைத்தது, அதற்கு விலையாக, யந்திரம் எந்த நேரத்திலும் நிறைவேற்றாத வாக்குறுதிகள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்குகிறவன், யந்திரத்தை வாக்குத் தவறியவனாக்கிவிடுகிறான்.

யூனிக்ஸ் யந்திரங்களைக் காத்துவந்தவர்களிடையே, நிறுத்துவதற்கு முன் ‘சிங்க்’ என்ற கட்டளையை மூன்று முறை தட்டும் வழக்கம் இதனால் உண்டாயிற்று. தேங்கியிருப்பதையெல்லாம் டிஸ்க்குக்கு அனுப்பு என்பது அதன் பொருள். ஆயினும் அந்நாளைய யூனிக்ஸில் அது எழுதும் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு, முடியும்வரை காத்திராமல் திரும்பிவிடும். முதல் முறை தட்டுவதுதான் காரியம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தனித்தனி வரியாகத் தட்டுவதற்கு ஆகும் சில விநாடிகளில், டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பின்வந்தவர்கள் இந்தக் காரணத்தை அறியாமல், மூன்று கட்டளையையும் ஒரே வரியில் சேர்த்தெழுதி, ஒரே முறை அழுத்தி அனுப்பலானார்கள். மந்திரம் நின்றது, அது வாங்கித் தந்த அவகாசம் போய்விட்டது. ஆசாரம் அர்த்தத்தைத் தொலைத்துவிட்டு உருவத்தை மட்டும் சுமந்து நடப்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரே யந்திரத்தைப் பல முனையங்களிலிருந்து பலர் உபயோகித்த காலம் அது. ஆதலால் அணைப்பதில் மரியாதையும் ஒரு விஷயமாயிற்று. கலிபோர்னியாவின் பெர்க்கிலி சர்வகலாசாலையார் விரித்தமைத்த யூனிக்ஸில் வந்துசேர்ந்த ‘ஷட்டவுன்’ என்ற நிரல், குறித்த நேரத்துக்கு வெகுமுன்பே ஒவ்வொருவருடைய திரையிலும் எச்சரிக்கை விடுக்கத் தொடங்கும்; நேரம் நெருங்க நெருங்க எச்சரிக்கைகளின் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும்; கடைசி 5 நிமிடத்தில் புதிதாக யாரையும் உள்ளே விடாது. முறை தவறி நின்ற யந்திரத்தை மீண்டும் ஏற்றும்போது, டி. ஜே. கோவால்ஸ்கி எழுதிய எஃப்.எஸ்.சி.கே. என்ற நிரல் டிஸ்க் முழுவதையும் தணிக்கை செய்யும். எந்தக் கோப்புக்கு எந்த இடம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பெயரும் ஊரும் தெரியாத துணுக்குகள் அகப்பட்டால் அவற்றுக்கு வெறும் எண்ணைச் சூட்டி, காணாமற்போனவற்றுக்கென்று ஒதுக்கிய அடைவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். டிஸ்க்குகள் பெரிதாகப் பெரிதாக இந்தத் தணிக்கை மணிக்கணக்கில் நீண்டது. ஒரு விநாடி மின்தடைக்கு அரை நாள் தண்டனை என்ற நிலை வந்தது.

தவறுதலாக அணைத்துவிடும் அபாயத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளும் இதற்கிடையே பிறந்தன. ஐ.பி.எம். 4341 யந்திரமொன்றிருந்த கூடத்துக்கு நிரலர் ஒருவர் தம் சிறு மகளை அழைத்து வந்தாராம். மோலி என்ற அந்தக் குழந்தை பெரிய சிவப்பு ஸ்விட்சின் கவர்ச்சியில் மயங்கி, ஒரே நாளில் இரண்டு முறை அதை அணைத்துவிட்டதாம். அதன்பின் ஸ்விட்சுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள் என்று கணிப்பொறிக்காரர்களின் வழக்குச் சொற்களைத் தொகுத்த அகராதி கூறுகிறது. அந்தக் குழந்தையின் பெயரையே தாங்கிய ஒரு சிறு நிரல், இன்று டெபியன் வகை லினக்ஸ் சர்வர்களில் காவலிருக்கிறது: தொலைவிலிருந்து நுழைந்த ஒருவர் அணைக்கும் கட்டளையைத் தட்டினால், எந்த யந்திரத்தை அணைக்கப்போகிறீர், அதன் பெயரை எழுதும் என்று கேட்கும், பெயர் பொருந்தாவிட்டால் கட்டளையை நிறைவேற்றாது. பத்து ஜன்னல்களில் பத்து யந்திரங்களைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். விண்டோஸ் சர்வர் 2003 இன்னும் ஒரு படி மேலே போய், ஏன் அணைக்கிறீர்கள் என்று காரணத்தையும் எழுதிவாங்கிப் பதிந்துவைக்கத் தொடங்கியது.

நிறைவேறாத வாக்குறுதிகளின் பிரச்சினைக்கு வேரிலேயே பரிகாரம் கண்டவர்கள் டேட்டாபேஸ் துறையினர். எந்த மாறுதலையும் செய்வதற்கு முன், இன்னது செய்யப்போகிறேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி அதை டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிடுவது, பிறகுதான் மாறுதலைச் செய்வது என்பது அவர்களுடைய நியமம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, ஐ.பி.எம்.மின் ஆல்மடன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சந்திரசேகரன் மோகனும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை, இதற்குச் சாஸ்திரரூபம் கொடுத்தது. யந்திரம் நடுவில் விழுந்து எழுந்தால், குறிப்பேட்டை முதலில் ஆராய்ந்து, விழும் க்ஷணம் வரையில் நடந்ததையெல்லாம் மீண்டும் அப்படியே நடத்தி, அரைகுறையாக நின்ற பரிவர்த்தனைகளை மட்டும் பின்னர் ரத்து செய்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு கணக்கில் கழித்த பணம் மறு கணக்கில் சேராமல் நடுவழியில் தொலைந்துபோகாதிருப்பதற்கு இவ்வகை விதிகளே காவல். இதே எண்ணத்தைக் கோப்பு முறைகளும் கைக்கொண்டன: 1990இல் ஐ.பி.எம்.மின் ஜே.எஃப்.எஸ்., 1993இல் விண்டோஸ் என்.டி.யின் என்.டி.எஃப்.எஸ்., 2001இல் லினக்ஸின் இ.எக்ஸ்.டி.3 என்று ஒவ்வொன்றும் தனக்கொரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளவே, மணிக்கணக்கான தணிக்கை சில விநாடிகளில் முடிவதாயிற்று.

மின்சாரத்தையே விநாடிகூட நிற்காமல் காப்பது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னைக்கு வெளியே பல மணி நேரம் நீடித்த மின்வெட்டைச் சமாளித்தவர்களுக்கு யு.பி.எஸ்.ஸைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. கரன்ட் போனதும் ஜெனரேட்டர் உயிர் பெற்றுச் சுமையை ஏற்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியை நிரப்புவது ஈயமும் அமிலமும் நிறைந்த பாட்டரி வரிசை. ஜெனரேட்டரும் கைவிட்டால், பாட்டரி தீர்வதற்குச் சில நிமிடம் முன்னதாக யு.பி.எஸ். ஒரு கம்பி வழியே சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் தானே இறங்கத் தொடங்கும். பி.டி.பி.-11க்குக் கிடைத்த 2 மில்லி செகண்டு அவகாசம், இவ்வாறு நிமிடக்கணக்காக நீட்டப்பட்டது.

அணைப்பவனுடைய கைக்கும் யந்திரத்துக்கும் இருந்த நேரடி உறவு அறுந்தது 1990களில். அதுவரை ஸ்விட்ச் என்பது மின்சாரத்தை மெய்யாகவே வெட்டியது. 1995இல் வந்த விண்டோஸ் 95கூட, இனி அணைக்கலாம், அபாயமில்லை என்று திரையில் தெரிவித்துவிட்டு, மனிதர் வந்து ஸ்விட்சைத் தட்டும் வரையில் காத்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில், முகப்புப் பொத்தான் மின்சாரத்தைத் தொடுவதேயில்லை. யந்திரத்துக்குள் எப்போதும் சிறிதளவு மின்சாரம் விழித்திருக்க, பொத்தானை அழுத்துவது தாய்ப்பலகைக்கு விடுக்கும் வேண்டுகோளாக மாறிவிட்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. விதிகள் அந்த வேண்டுகோளை இயங்குதளத்திடம் ஒப்படைத்தன. இன்று லினக்ஸ் சர்வர் ஒன்றின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், முதலில் ஒவ்வொரு நிரலுக்கும் முடித்துக்கொள் என்ற சமிக்ஞை போகிறது. டேட்டாபேஸ் தன் குறிப்பேட்டை மூடுகிறது. சொன்ன அவகாசத்துக்குள் முடிக்காதவை வலிந்து நிறுத்தப்படுகின்றன. தேங்கிய எழுத்துக்கள் டிஸ்க்கில் இறங்குகின்றன. கோப்பு முறைகள் விடுவிக்கப்படுகின்றன. இவையெல்லாம் ஆன பின்பே, மின்வழங்கியை நிறுத்தும்படி இயங்குதளமே கட்டளையிடுகிறது. கேளாமல் மல்லுக்கு நிற்கும் யந்திரத்துக்கு மட்டும், பொத்தானை 4 விநாடி விடாமல் அழுத்திப்பிடிக்கும் பழைய பலாத்காரம் எஞ்சியிருக்கிறது. தவிரவும், 1998இல் வகுத்த ஐ.பி.எம்.ஐ. முறைப்படி சர்வருக்குள் தனியே விழித்திருக்கும் ஒரு சிறு காவற்கணிப்பொறியின் துணையால், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் யந்திரத்தை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது.

அணைப்பதைப் பற்றியே இவ்வளவு கவலைப்பட்டவர்களுக்கு, ஏற்றுவதிலும் அபாயம் உண்டு என்பதை 2017 மே 27ஆம் தேதி உலகுக்கே காட்டியது. லண்டனை அடுத்த டேட்டா சென்டர் ஒன்றில் மின்சாரம் அறுந்ததால் பிரிட்டிஷ் ஏர்வேஸின் கணிப்பொறிகள் முடங்கி, விடுமுறை வாரக்கடைசியில் சுமார் 75,000 பிரயாணிகள் ஹீத்ரோவிலும் கேட்விக்கிலும் பிற ஊர்களிலும் தவித்தார்கள். ஊழியர் ஒருவர் மின்வழங்கியைத் துண்டித்தார் என்றும், பெருஞ்சேதம் விளைந்தது அதைக் கட்டுப்பாடின்றி மீண்டும் இணைத்தபோதுதான் என்றும் அதன் தாய் நிறுவனத் தலைவர் வில்லி வால்ஷ் பின்னர் விளக்கினார். நூற்றுக்கணக்கான யந்திரங்கள் ஒருசேர எழுந்தால் பாயும் மின்னோட்டம் சாதாரணச் சுமையைப் பன்மடங்கு மிஞ்சும். அன்றியும், டிஸ்க் அலமாரி எழுமுன் டேட்டாபேஸ் எழுந்தால் அது தன் ஏட்டைக் காணாது திகைக்கும். டேட்டாபேஸ் எழுமுன் அதை நம்பியிருக்கும் நிரல் எழுந்தால் அதுவும் தவறும். பிணையம் முதலில், டிஸ்க் அடுத்து, டேட்டாபேஸ் பிறகு, பயனாளரைச் சந்திக்கும் நிரல்கள் கடைசியில் என்று ஏற்றுமுறையை எழுதிவைப்பதும், இறக்கும்போது அதைத் தலைகீழாக்குவதும் இதன் பொருட்டே.

இத்தனை பாதுகாப்பு வந்த பின்பு, சிலர் நேர்மாறான கேள்வியை எழுப்பினார்கள். ஸ்டான்ஃபர்டைச் சேர்ந்த ஜார்ஜ் காண்டியாவும் அர்மாண்டோ ஃபாக்ஸும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, நிரல்களுக்கு முறையான நிறுத்தம் என்று ஒன்று வேண்டியதேயில்லை, வீழ்ச்சியே நிறுத்தம், மீட்சியே தொடக்கம் என்று அமைத்துவிட்டால் இரண்டு வழி காப்பதற்குப் பதிலாக ஒரே வழியைச் செம்மையாகக் காக்கலாம் என்று வாதித்தது. வாதத்தில் நியாயம் உண்டு. எதிர்பாராமல் விழுவதை எவரும் தடுத்துவிட முடியாது, விழுந்தாலும் எழத் தெரிந்த யந்திரமே நம்பத்தக்கது. ஆனால் குறிப்பேடு காப்பது டிஸ்க்கின் ஒழுங்கைத்தான். ஞாபகத்தில் இருந்து இன்னும் எங்கும் எழுதப்படாத பயனாளரின் கடைசிச் சொற்களை அது காப்பதில்லை. தன் உள் ஞாபகத்தில் வாங்கிய மாத்திரத்திலேயே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும் டிஸ்க்குகளும் உண்டு. ஆகவே, திடீர் வீழ்ச்சிக்குத் தகுந்தபடி யந்திரத்தை அமைப்பதும், அந்த வீழ்ச்சி நேராதபடி அதை முறையாக இறக்குவதும் ஒன்றுக்கொன்று விரோதமான காரியங்கள் ஆகமாட்டா.

வருஷக்கணக்கில் அணையாமல் ஓடும் சர்வரைப் பற்றிப் பெருமை பேசும் வழக்கம் ஒரு தலைமுறைக் காவலர்களிடம் இருந்தது. அந்தப் பெருமையில் மறைந்திருந்த தீங்கு, என்றேனும் ஒரு நாள் அந்த யந்திரத்தை ஏற்ற நேர்ந்தபோதுதான் வெளிப்பட்டது: மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ கையால் செய்த ஒரு மாறுதல் தொடக்கக் கோப்பில் எழுதப்படவில்லை, அதைச் செய்தவரும் வேலையை விட்டுப் போய்விட்டார், யந்திரம் எழுகிறது, சேவை எழவில்லை. அதனால் இன்று விவேகமுள்ள இடங்களில், தேவை இல்லாவிட்டாலும் குறித்த காலத்துக்கு ஒரு முறை முறைப்படி இறக்கி ஏற்றிப் பார்த்துவிடுகிறார்கள். வால்வுகளின் காலத்தில் அணைக்காமல் இருந்ததே யந்திரத்தைக் காத்தது. நம் காலத்தில், நாமே தேர்ந்தெடுத்த ஒரு வேளையில் நாமே அணைத்து, அது எழுவதைக் கண்ணால் பார்த்து வைத்திருப்பதே, நாம் தேர்ந்தெடுக்காத வேளையில் அது அணையும்போது நம்மைக் காப்பது.